கூட்டத்தில் முதலில் யார் பேசுவது?

இருபது நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடுபவர் என்ற பெயர் எனக்கு அலுவலகத்தில் இருந்தது. தில்லியில் அது சிறிய பெயரன்று. பதினோரு மணிக்கு அழைக்கப்பட்ட கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கி, தேநீரும் சமோசாவும் வந்துசேரும்வரை நலம் விசாரிப்பில் நகர்ந்து, மதிய உணவு வேளையில் 'அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்' என்று கலைவது இந்நகரத்து அலுவலகங்களில் புதிதல்ல. அத்தகைய ஊரில், தேநீர் ஆறுவதற்குள் தீர்மானத்தை நிறைவேற்றிக் கோப்பில் கையொப்பமும் வாங்கிவிடுகிற ஒருவனை மற்றப் பிரிவினர் வியந்து பார்த்தார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமை எவ்வாறு கரைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களின் நடுப்பகுதி. கன்னாட் பிளேசை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் இருந்த எங்கள் அலுவலகம், நேரு பிளேசில் வாடகைக்குக் கிடைத்த இரண்டு தளங்களுக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. வாடகை ஒப்பந்தத்தை இறுதி செய்யும் கூட்டத்துக்கு நான் தலைவர். ஒன்பது பேர் அமர்ந்திருந்தோம். வாடகை, முன்பணம், ஒப்பந்தக் காலம் ஆகிய மூன்றையும் நானே படித்தேன். இடம் நன்றாக இருக்கிறது என்ற கருத்தையும் நானே சொன்னேன். பிறகு, 'யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?' என்று கேட்டேன். 'டீக் ஹை, டீக் ஹை' என்று மேசையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

மே மாதத்தில் புதிய இடத்துக்குக் குடியேறினோம். குளிர்சாதனப் பெட்டிகளையும் கணினிகளையும் ஒருசேர இயக்கிய முதல் நாளே மின்சாரம் நின்றது. கட்டடத்தின் அந்தப் பகுதிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த மின்சுமை எங்கள் தேவையில் பாதியளவுகூட இல்லை. கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து அனுமதி வரும்வரை, அந்தக் கோடை முழுவதும் வாடகை ஜெனரேட்டர் ஒன்று பின்புறச் சந்தில் உறுமிக்கொண்டிருந்தது. டீசலுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவதற்காகக் கோப்பைப் புரட்டியபோது, கட்டட உரிமையாளர் தந்திருந்த பழைய மின்கட்டண ரசீதின் நகல் ஒன்று கண்ணில் பட்டது. அனுமதிக்கப்பட்ட சுமையைக் குறிக்கும் எண்ணின் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. யார் கை என்று உடனே தெரிந்தது. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த, மதுரையிலிருந்து வந்த இளம் பெண். அன்றைய கூட்டத்தில் மேசையின் கடைக்கோடியில் அமர்ந்திருந்தவர்.

'ஏம்மா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?' என்றேன்.

'என்னிடம் யாரும் கேட்கவில்லையே, சார். கோப்பை எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். தவிர, நல்ல இடம் என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு...'

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாற்றுக் கருத்து உண்டா என்று நான் கேட்டது உண்மைதான். ஆனால் தலைவர் தம் முடிவை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசும் எழுவர் நடுவே, பணியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன, இந்தி இன்னும் நாவில் படியாத ஒருவரை நோக்கி அக்கேள்வியை எழுப்பினால், அதைக் கேள்வி என்று கொள்ள முடியுமா? கூட்டம் முடிந்தது என்பதற்கான மணியோசையாகவே அது அவர் காதில் விழுந்திருக்கும்.

கூட்டங்களைப் பயனுள்ளவையாகவும் சுவையானவையாகவும் ஆக்குவது எப்படி என்பது பற்றி இன்று அறிவுரைகளுக்குக் குறைவில்லை. நின்றுகொண்டே கூட்டம் நடத்தச் சொல்வார் உண்டு. தொடக்கத்தில் ஒரு சிறு விளையாட்டு வைத்து எல்லாரையும் சிரிக்க வைக்கச் சொல்வார் உண்டு. கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிடச் சொல்வார் உண்டு. குருகிராமத்திலும் நொய்டாவிலும் பணிபுரியும் என் உறவினர் பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்தவர்கள். ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இவற்றில் தீங்கு ஒன்றுமில்லை. கூடையில் கைப்பேசி கிடப்பது நல்லதே. ஆயினும் இவை நோயின் வெளிக்குறிகளுக்கு இடும் பற்று என்பது என் எண்ணம். ஒருவர் கூட்டத்தில் கைப்பேசியைப் பார்ப்பதற்கான காரணம், தாம் அங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே என்று அவர் சரியாகக் கணித்திருப்பதுதான். கணிப்பு சரியாக இருக்கும்வரை கைப்பேசியைப் பிடுங்கினால் அவர் சாளரத்தைப் பார்ப்பார்.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். கூட்டம் எவ்வளவு நேரம் நடந்தது என்பதைவிட, அங்கு அமர்ந்திருந்த ஒவ்வொருவரின் சொல்லுக்கும் முடிவில் எடை இருந்ததா என்பதே பார்க்கவேண்டியது. எடை இல்லாதவரை ஏன் அழைத்தோம்? எடை உள்ளவரை ஏன் கேட்கவில்லை? இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்ல இயலாத கூட்டம், இருபது நிமிடத்தில் முடிந்தாலும் இரண்டு மணி நேரம் இழுத்தாலும் வீண்தான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மிகக் கடுமையான படிநிலை உடையது என்று நாம் கருதும் படைத்துறையிலேயே இதற்கொரு விதி இருக்கிறது. இராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புக்காக உறுப்பினர்கள் கருத்துக் கூறும்போது, பதவியில் மிகவும் இளையவர் முதலில் சொல்லவேண்டும். பிறகு படிப்படியாக மேலே செல்லவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகளில் உள்ள ஏற்பாடு. காரணம் வெளிப்படை. கர்னல் பேசிய பிறகு கேப்டன் பேசுவது எதிரொலியாகவே இருக்கும். கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே உயிர்மூச்சாகக் கொண்ட ஓர் அமைப்பு, ஓர் உயிரின் கதி முடிவாகும் இடத்தில் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் வசித்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது, 'ஜெனரேட்டர் கோடை'க்கு முன்பு இவரைச் சந்தித்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

எல்லாரையும் பேசவிட்டால் சிலர் பேசிக்கொண்டே இருப்பார்களே, எதைச் சொன்னாலும் மறுப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான அச்சம். அதற்கும் நம் முன்னோர் விடை தேடியிருக்கிறார்கள். திருநெல்வேலியை அடுத்த மானூரில் உள்ள ஒரு கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஊர்ச்சபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்குகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, சபையில் எதை எடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைத் தடுப்பவருக்கும் அவருக்குத் துணைநிற்பவருக்கும் ஆளுக்கு ஐந்து காசு தண்டம் என்பது. உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், இந்த ஐந்து காசைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கூட்டத்துக்குப் போய்ப் பழகிய எவரும் இதைப் படித்ததும் சிரித்துவிடுவார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பு மானூரில் அமர்ந்திருந்த அந்த ஆளை அவருக்கு நேரிலே தெரியும். (அந்தச் சபையில் அமரும் உரிமை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிரமதேய மக்களுக்கு மட்டுமே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பொற்காலம் என்று காட்டுவது என் நோக்கமன்று.)

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தடுப்பவர் யார், மறுப்பவர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது? மின்சுமை போதாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், பதினெட்டு நிமிட வேகத்தில் இருந்த நான் அவரை 'அன்று' சொல்பவர் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டேன் என்று உறுதியாகக் கூற என்னால் இயலாது. ஐந்து காசுத் தண்டத்தை ஒரு தலைவர் கையில் கொடுத்துவிட்டால், அவர் அதைத் தமக்குப் பிடிக்காத சொல்லின் மீதெல்லாம் வீசக்கூடும்.

இதற்குத் தெளிவான விடையைத் தில்லியிலேயே, நாடாளுமன்றத்தின் பழைய கட்டடத்து மைய மண்டபத்தில் நடந்த ஒரு நெடிய கூட்டத்தில் காண்கிறேன். இன்று அக்கட்டடத்துக்குச் சம்விதான் சதன் என்று பெயர். 1946 டிசம்பர் 9 அன்று அங்கு கூடிய அரசியல் நிர்ணய சபை, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் 11 அமர்வுகளாக 165 நாள்கள் நடந்தது. அவற்றுள் 114 நாள்கள் வரைவு அரசியலமைப்பைப் பரிசீலிப்பதிலேயே கழிந்தன. வரைவின் மீது கொடுக்கப்பட்ட திருத்தங்கள் சுமார் 7,635. அவையில் உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்விரண்டு எண்களுக்கும் இடையில்தான் கூட்டக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மறுக்க விரும்பியவர் தம் மறுப்பை முன்னதாகவே எழுதித் தரவேண்டும்: எந்தப் பிரிவு, எந்தச் சொல், அதற்குப் பதில் எந்தச் சொல். எழுத உட்கார்ந்தவுடன் பல மறுப்புகள் தாமாகவே மெலிந்துவிடும். ஒரே கருத்தைப் பத்துப் பேர் எழுதியிருந்தால் ஒருவர் முன்மொழிந்தால் போதும். எஞ்சியவற்றைச் சபை அமர்ந்து கேட்கலாம். 'அன்று' என்று மட்டும் சொல்பவரிடம் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. மாற்றுச் சொல் வைத்திருப்பவரிடம் இருக்கும். தண்டம் இன்றியே இருவரும் பிரிந்துவிடுகிறார்கள்.

எழுதி வந்து மறுத்தவர்களைப் பற்றி டாக்டர் அம்பேத்கர் என்ன நினைத்தார் என்பது 1949 நவம்பர் 25 அன்று அவர் ஆற்றிய நிறைவுரையில் இருக்கிறது. அவ்வுரையின் எச்சரிக்கைகளை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதில் உள்ள நன்றி நவில்தலை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. எச்.வி. காமத், கே.டி. ஷா, தாகூர் தாஸ் பார்கவா, குன்ஸ்ரு உள்ளிட்ட சிலரைப் பெயர் சொல்லி அவர் குறிப்பிடுகிறார். அவர்கள் வரைவுக் குழுவை விடாது கேள்வி கேட்டவர்கள். எல்லா உறுப்பினரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அப்படியே உட்பட்டிருந்தால் சபை நடவடிக்கைகள் சுவையற்றுப் போயிருக்கும் என்பது அவர் கருத்து. அவர்களது யோசனைகளைத் தாம் ஏற்காவிட்டாலும் அவற்றின் மதிப்புக் குறையவில்லை; வரைவின் அடிப்படைக் கொள்கைகளை விளக்கும் வாய்ப்பை அவர்களே தந்தார்கள் என்று கூறுகிறார். கூட்டத்தைச் சுவையுள்ளதாக்குவது எது என்று கேட்போருக்கு இதைவிடத் தக்க விடை எனக்குத் தெரியவில்லை. அம்மண்டபத்தில் எவரும் விளையாட்டு வைத்துச் சபையைக் கலகலப்பாக்கவில்லை.

அதே சபையில் இன்னொரு பாடமும் உண்டு. அதைச் சொன்னவர் தமிழர். 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி வரைவுக் குழுவின் நிலையைச் சபைக்கு எடுத்துரைத்தார். குழுவுக்கு நியமிக்கப்பட்டவர்கள் எழுவர். ஒருவர் விலக, அவர் இடம் நிரப்பப்பட்டது. ஒருவர் இறந்தார், அவர் இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மற்றொருவர் அரசுப் பணிகளில் ஆழ்ந்திருந்தார். ஓரிருவர் தில்லிக்கு வெகுதொலைவில் இருந்தனர். உடல்நிலையும் இடந்தரவில்லை போலும். முடிவில் வரைவின் சுமை அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்றார். எந்த அலுவலகத்திலும் ஏழு பேர் கொண்ட குழு எப்படி ஒருவர் குழு ஆகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான வருகைப் பதிவேட்டை நான் படித்ததில்லை. பட்டியலில் பெயர் இருப்பது வேறு. மேசையில் ஆள் இருப்பது வேறு. கிருஷ்ணமாச்சாரி குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைத்தவருக்கு உரிய நன்றியைச் செலுத்தச் சொன்னார். ஆனால் நம் குழுப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் உரை நினைவுக்கு வரும். மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராதவரின் பெயரை மரியாதை கருதி விட்டுவைக்கிறோம். அந்த மரியாதைக்கு விலையாக யாரோ ஒருவர் இரவில் விழித்திருந்து எழுதுகிறார்.

இவையெல்லாம் அரசியலமைப்பு இயற்றும் பெரிய காரியங்கள். எங்கள் பிரிவுக் கூட்டத்துக்கு இவை எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு மிக அருகில் உள்ள ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். வீட்டுக் கடன் வாங்கியிருப்பவரின் மாதத் தவணையை ஏற்றி இறக்கும் ரெப்போ விகிதத்தை முடிவு செய்வது, ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அமைக்கப்பட்ட இக்குழுவில் ஆறு பேர்: மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் வெளியிலிருந்து மத்திய அரசால் நியமிக்கப்படுபவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. வாக்குகள் சமமானால் மட்டுமே ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு.

நான் வாசகரைக் கவனிக்கச் சொல்வது இதன் மற்றொரு விதியை. ஏன் இப்படி வாக்களித்தேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே எழுதித் தரவேண்டும். கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் அவை யாவும் கூட்டக் குறிப்புடன் சேர்த்து வெளியிடப்பட வேண்டும். இதைச் சட்டமே கட்டளையிடுகிறது. ஆறு பேரும் ஒரே பக்கம் வாக்களித்த கூட்டத்திலும் ஆறு காரணங்கள் எழுதப்படுகின்றன. படித்துப் பார்த்தால் அக்காரணங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவர் காய்கறி விலையை முன்வைக்கிறார். மற்றொருவர் ஏற்றுமதியைப் பற்றிக் கவலைப்படுகிறார். 'டீக் ஹை' என்று சொல்லிவிட்டு எழுந்துபோக அங்கு வழியில்லை. ஆளுநருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோமே என்ற தயக்கத்துக்கும் இடம் குறைவு. அவர் சொல்வதை ஆமோதித்தாலும் தன் காரணத்தைத் தன் பெயரில் எழுதவேண்டும், அதை நாடே படிக்கும்.

கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. தில்லி லோதி சாலையில் தலைமையகம் கொண்ட கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் வகுத்த செயலக நெறிமுறைப்படி, கூட்ட அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும் அதற்கான குறிப்புகளும் பொதுவாக ஏழு நாள் முன்னதாகப் போய்ச்சேர வேண்டும். வரைவுக் கூட்டக் குறிப்பு பதினைந்து நாளுக்குள் உறுப்பினர் பார்வைக்கு வரவேண்டும். இயக்குநர்களுக்கு ஏழு நாள் தருகிற நாம், நம் சக ஊழியருக்கு ஏழு மணி நேரமாவது தருகிறோமா? கூட்டத்தில் அமர்ந்த பிறகு காகிதத்தைக் கையில் கொடுத்து, அதைத் தலைவரே உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் இன்றும் எத்தனை இடங்களில் உண்டு என்பதை வாசகர் தம் அனுபவத்தில் எண்ணிப் பார்க்கலாம். அன்று வாடகை ஒப்பந்தத்தைப் படித்தவன் நானே அல்லவா?

அந்தக் கோடைக்குப் பிறகு என் கூட்டங்களை மாற்றிக்கொண்டேன். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. முந்தைய நாள் மாலைக்குள் ஒரு பக்கக் குறிப்பு எல்லார் மேசைக்கும் போய்விடும். அதன் தலைப்பில் இந்தக் கூட்டம் முடிவு செய்யவேண்டியது என்ன என்ற ஒரே ஒரு கேள்வி இருக்கும். கூட்டத்தில் பணியில் இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். இந்தியில் தடுமாறுபவர் ஆங்கிலத்திலோ தாய்மொழியிலோ சொல்லலாம். தமிழானால் நான் மொழிபெயர்த்தேன், வங்காளமானால் வேறொருவர் மொழிபெயர்த்தார். சொல்ல ஒன்றுமில்லை என்பவர், தம் பிரிவைப் பொறுத்தவரை தடை ஏதுமில்லை என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் அதிகம் வேலை செய்தது. கையொப்பமிடப் பேனாவை எடுத்தவர்களில் சிலர், சற்றே நிறுத்தி, 'ஒரு சிறு சந்தேகம்...' என்று தொடங்கினார்கள்.

இதனால் இழப்பும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. இருபது நிமிடக்காரன் என்ற பெயர் போயிற்று. ஐம்பது நிமிடம் ஆயிற்று. இளையவர்களில் சிலருக்கு முதலில் பேசுவது தண்டனையாகவே இருந்தது. ஒருவர் கூட்ட நாள்களில் விடுப்பு எடுக்கத் தொடங்கினார். அவரைத் தனியே அழைத்துப் பேசி, எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. மூத்தவர்களில் ஒருவர், 'சின்னப் பிள்ளைகளைக் கேட்டு அலுவலகம் நடத்துவதா?' என்று வெளிப்படையாகவே வருந்தினார். அவர் வருத்தத்தில் ஒரு நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். முடிவெடுக்கும் பொறுப்பைக் கூட்டத்தின் மீது போட்டுவிட்டுத் தலைவர் ஒளிந்துகொள்ளும் ஆபத்து இந்த முறையில் உண்டு. எல்லாரையும் கேட்டபின் முடிவைத் தலைவர் தம் பெயரில் எடுக்கவேண்டும். யாருடைய யோசனை ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும் குறிப்பில் எழுதவேண்டும். ஏற்கப்படாத யோசனைக்குக் காரணம் எழுதாவிட்டால், அந்த ஆள் அடுத்த கூட்டத்தில் பேசமாட்டார்.

மறுபுறம், கூட்டங்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்தது. கேள்வியை ஒரு வரியில் எழுத முடியாத கூட்டங்கள் கூட்டப்படவில்லை. தகவல் தெரிவிப்பதற்காக மட்டும் நடந்துவந்த திங்கட்கிழமைக் கூட்டம் ஒரு சுற்றறிக்கையாகச் சுருங்கியது. அதற்காக யாரும் கண்ணீர் வடிக்கவில்லை. கேன்டீன் பையன் மட்டும் தேநீர்க் கணக்குக் குறைந்துவிட்டதாகச் சொன்னான். மதுரைப் பெண் பின்னர் இடமாற்றலாகிப் பெங்களூர் சென்றார். போகுமுன் ஒரு கொள்முதல் கோப்பில் என் கணக்கில் இருந்த ஒரு தவற்றைக் கூட்டத்திலேயே, எல்லார் முன்னிலையிலும், ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அன்று எனக்குச் சற்றே முகம் சிவந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வாசகர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்களாக இருக்கலாம். அலுவலகக் கூட்டங்களோடு இனித் தமக்கு உறவில்லை என்று எண்ணலாம். அப்படியன்று. வங்கிக் கிளைகளில் வாடிக்கையாளர் சேவைக் குழுக்கள் அமைக்கப்படவேண்டும், அவற்றில் வாடிக்கையாளர்களும் இடம்பெற வேண்டும், இயன்றவரை மூத்த குடிமக்கள் ஒருவரையும் சேர்க்கவேண்டும், குழு மாதம் ஒருமுறையேனும் கூடவேண்டும் என்று வாடிக்கையாளர் சேவை குறித்து ரிசர்வ் வங்கி 2015இல் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை கூறியது. புகார்கள், தாமதங்கள், கிளையில் நேரும் இடர்ப்பாடுகள் ஆகியவற்றை ஆராய்வதே அக்குழுவின் வேலை. உங்கள் கிளையில் அது எப்போது கூடுகிறது என்று மேலாளரைக் கேட்டிருக்கிறீர்களா? அழைப்பு வந்தால் போங்கள். போகும்போது, சேவை மோசம் என்ற பொதுக் குறையோடு போகாமல், எந்த நாள், எந்தச் சாளரம், எவ்வளவு நேரம், என்ன மாற்றினால் சரியாகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க வரும் நவம்பர் மாதத்தில் கூடுதலாக ஒரு நாற்காலி வரிசை போடவேண்டும் என்பது போன்ற சிறிய யோசனைகளுக்கு அங்கே பெரிய மதிப்புண்டு. கிளை மேலாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். நின்றவருக்குத்தான் கால் வலி தெரியும்.

நான் இப்போது வசிப்பது யமுனைக்குக் கிழக்கே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில். அதன் நிர்வாகக் குழுவில் என்னைச் செயலராக அமர்த்தியிருக்கிறார்கள். பழைய தொழில் விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். பழைய மின்தூக்கியைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்பது ஒன்றே கேள்வி. இரண்டு பக்கக் கணக்குத் தாள் புதன்கிழமையே எல்லா வீட்டுக் கதவிடுக்கிலும் செருகப்பட்டுவிட்டது. எழுத்தில் இதுவரை நான்கு மறுமொழிகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று மூன்று பக்கம். முதலில் பேசும்படி தரைத்தளத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அவர் மின்தூக்கியில் ஏறியதே இல்லை. செலவில் மட்டும் அவருக்கும் சமபங்கு உண்டு.